பதினோராம் வளைவு வரை

எலுமிச்சம்பழத்தைத் தேடித்தான் பாக்கெட்டில் கைவிட்டேன். பஸ் பதினெட்டாம் வளைவில் திரும்பியபோது வயிறு ஒரு பக்கமும் உடம்பு இன்னொரு பக்கமும் போயின. காலையில் படகுக்குப் பூஜை முடிந்து, அதை வாங்கிய சென்னியப்பன் கையில் திணித்த பழம் நினைவுக்கு வந்தது, முகர்ந்தால் குமட்டல் அடங்கும். விரலில் பட்டது பழம் இல்லை. குளிர்ச்சியாக, கனமாக, கட்டைவிரல் பருமனில் ஏதோ ஒன்று. வெளியே எடுக்காமலே தெரிந்துவிட்டது. ஆனாலும் எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பித்தளை அடைப்பான், தலை சதுரமாக, உடம்பு முழுக்க மரை, மரையின் பள்ளத்தில் செம்மண். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மடியில் முட்டைக்கோஸ் பை இருந்தது, அதில் ஒரு முட்டைக்கோஸின் இலையில் பூச்சி தின்ற ஓட்டைகள் ஐந்து. ஐந்துதானா என்று மறுபடி எண்ணினேன். ஐந்து. இது என் கையில் இருக்கிறது என்றால் அங்கே இல்லை. இவ்வளவுதான், சின்ன வாக்கியம். இதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அங்கே என்றால் படகின் பின்பக்கம், அடிவயிற்றின் ஆகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும் ஓட்டையில். படகு தரையில் இருக்கும் நாளெல்லாம் அந்த ஓட்டை திறந்திருக்க வேண்டும், உள்ளே விழும் மழை வடிவதற்காக. தண்ணீரில் இறங்குவதற்கு முன் மூடியிருக்க வேண்டும். பதினான்கு வருடமாக நான் விற்ற படகுகளையெல்லாம் அப்படித்தான் மூடியிருக்கிறேன். சின்னப் பையன்கூடச் செய்வான். மூடாமல் விட்டவர்களின் கதையைத் தூத்துக்குடியில் டீ குடித்துக்கொண்டே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

போனை எடுத்தேன். சேவை இல்லை. மணி இரண்டு நாற்பது. கையை மேலே தூக்கிப் பிடித்தேன், ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன், ஒரு கிளை மணிக்கட்டில் அடித்தது. சேவை இல்லை. மூடினேனா? ஒருவேளை இது வேறொன்றோ? படகோடு இரண்டு அடைப்பான் வந்திருக்கலாம், ஒன்றை மூடிவிட்டு ஒன்றைப் பையில் போட்டிருக்கலாம். வந்திருந்தால் என் பட்டியலில் இருந்திருக்கும், அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். முப்பத்தெட்டு அடி நீளம், இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, டீசல் இஞ்சின் இரண்டு, ஒரே உரிமையாளர் கையில் இருந்தது, அடிப்பக்கம் புதுப் பெயின்ட். அடைப்பான் ஒன்று. இந்தச் செம்மண் இங்கே கிடையாது, ஒன்பதாம் வளைவு மண். அங்கேதான் நான் குனிந்து கழற்றினேன். மலையேறும் மூன்றாம் நாள், மதியத்திலேயே இருட்டிக்கொண்டு மழை. நீளமான டிரெய்லர் அது, கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. அதனால் அதை இழுத்த லாரியின் டிரைவர் செங்கோடன் ஒரு வழி செய்தார். ஒரு வளைவுவரை முன்பக்கமாக ஏற்றுவது, திரும்பாமல் அங்கேயே நின்று அடுத்த வளைவுவரை பின்பக்கமாகவே ஏற்றுவது, மறுபடி முன்பக்கம். பாதி மலையைப் படகு பின்பக்கமாகவே ஏறியது. பின்பக்கமாக ஏறும்போது மூக்கு தாழ்ந்து, உள்ளே விழுந்த மழையெல்லாம் முன்னறைப் படுக்கைக்குக் கீழே ஓடித் தேங்கியது. ஒன்பதாம் வளைவில் நிமிர்த்தியதும் நான் சக்கரங்களுக்கிடையே தவழ்ந்துபோய் அடைப்பானைக் கழற்றினேன். தண்ணீர் முகத்தில் பீச்சியடித்தது. செங்கோடன் சிரித்தார். "சார், கடல்ல போற வண்டிய மலையில ஏத்துனா அதுக்கு ஒண்ணுக்கு வராதா?" நான் ஈர முகத்தைத் துடைத்தேன். துடைத்த பிறகு என்ன செய்தேன்? சாவிக்கொத்தில் மாட்டவில்லை. அதுதான்.

சாவிக்கொத்தில் மாட்டுவதுதான் வழக்கம். கழற்றிய அடைப்பானைக் கம்பியில் கோத்து இஞ்சின் சாவியோடு மாட்டிவிட வேண்டும். சாவியைத் தொடுகிறவன் அடைப்பானைத் தொட்டே ஆக வேண்டும், அடைப்பான் கையில் இருக்கும்போது எவனும் இஞ்சினைக் கிளப்பமாட்டான். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் அதற்கு மேல் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவே போதும் என்றான். ஆனால் ஒன்பதாம் வளைவில் சாவி என்னிடம் இல்லை. புது வண்டிச் சாவியை மூன்று நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுப்பது அவர்கள் வீட்டு முறை என்று சென்னியப்பன் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். இன்று காலைதான் குங்குமம் அப்பிய சாவி தாம்பாளத்தில் வந்தது, எலுமிச்சம்பழங்களோடு. செங்கோடன் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சக்கரமே இல்லாததுக்குப் பழத்த எங்க சார் வெக்கிறது?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரம் இது என் பாக்கெட்டில் இருந்தது. சிரிக்கும்போது தொடையில் உரசியிருக்கும். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் தண்ணீரில் இறக்கியாக வேண்டும் என்று சென்னியப்பன் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பத்து இருபதுக்கு டிரெய்லர் பின்பக்கமாக ஏரிக்குள் இறங்கியது, படகு அசைந்து மிதந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். துறைமுகத்தில் என்றால், இறக்கிய பிறகு அரை மணி நேரம் கிரேனின் வார்ப்பட்டையிலேயே தொங்கவிட்டு அடியைப் பார்க்க வேண்டும். நான் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. உள்ளங்கை ஆழம் தண்ணீர் நின்றது. மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பார்த்த கண்ணிலேயே பதிலும் இருந்தது. அதற்குள் உள்ளே இருக்கும் சின்னப் பம்பு தானாக ஓட ஆரம்பித்துத் தண்ணீர் இறங்கியது. பலகையை மூடிவிட்டேன்.

பதினேழாம் வளைவு. ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே இறக்குகிறார். இறங்கி ஓடலாமா? ஏரியிலிருந்து ஏழு கிலோமீட்டர் வந்திருப்போம். ஏற்றத்தில் ஓடினால் ஒன்றரை மணி நேரம், என் நெஞ்சுக்கு இரண்டு. கட்டைவிரல் பருமன் ஓட்டை, இரண்டடி ஆழம், நிமிடத்துக்கு இரண்டு குடம் மூன்று குடம் உள்ளே வரும். வரட்டும், பம்பு வெளியே தள்ளும், காலையிலிருந்து தள்ளிக்கொண்டுதானே இருக்கிறது. ஆமாம், தள்ளிக்கொண்டிருந்தது, எல்லாரும் பார்த்தார்கள். பக்கவாட்டில் ஒரு குழாயிலிருந்து தண்ணீர் துப்பித் துப்பி விழுந்தது. தெய்வானை அக்காதான் முதலில் கேட்டார். சென்னியப்பனின் அக்கா, ஐந்து வயதில் கால்கள் சூம்பிப்போனவர், அறுபது வயதுக்குச் சின்ன உடம்பு, பெரிய மூக்குத்தி. படகே அவருக்காகத்தான். முதல் நாள் சென்னியப்பன் என்னிடம் சொன்னது அதுதான். "அக்கா கடல் பாத்ததில்லீங்க. கடலக் கொண்டாற முடியாது. கப்பலக் கொண்டாறலாமில்லீங்களா?" கொண்டாறலாமுங்க என்று உடனே சொன்னேன். எந்த மலை, எந்த ரோடு என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். எனக்குப் பதில் அப்படித்தான் வரும். அதனால்தான் விற்கிறேன். துறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா கையை நீட்டிக் கேட்டார். "ஏனுங்க தம்பி, அதென்னங்க அந்தப் பக்கம் தண்ணி துப்பிட்டே இருக்குது?" "அது ஏசி தண்ணிங்க அக்கா. உள்ள குளுகுளுன்னு இருக்கோணுமில்லீங்களா?" அவருக்காகக் கொங்குப் பேச்சு வேறு. அக்கா தலையாட்டினார். ஏசி அப்போது ஓடவே இல்லை. அதைப் போடுவதற்கு ஜெனரேட்டரைக் கிளப்ப வேண்டும், நான் கிளப்பவில்லை. எனக்கே தெரியும். தெரிந்த இடம் ஒன்று, பதில் வருகிற இடம் வேறொன்று. பிறகு சென்னியப்பன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கொஞ்சம் தாழ உக்காந்திருக்கற மாதிரி இல்லீங்க?" என்றார். "நல்ல தண்ணியில அப்படித்தானுங்க, உப்புத் தண்ணி படகத் தூக்கிக் கொடுக்கும், ஏரித் தண்ணி கொடுக்காது." அது உண்மை. சத்தியமான உண்மை, புத்தகத்தில் இருப்பது. அந்த ஒரு உண்மையைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது.

சேவை இல்லை. பம்பு ஓடுகிறவரை ஒன்றும் இல்லை. பம்பு ஓடும். பாட்டரி இருக்கிறவரை ஓடும். பாட்டரி. இங்கே வந்து நின்றுவிடுகிறது, இதற்கு அப்பால் போகமாட்டேன் என்கிறது மனது, தூசு விழுந்த கண் மாதிரி மூடிக்கொள்கிறது. முட்டைக்கோஸ் இலையில் ஓட்டைகள் ஐந்து. பாட்டரி, சிவப்புச் சுவிட்ச், மாகாளி. படகுக்குச் சென்னியப்பன் வைத்திருக்கும் ஆள் மாகாளி, அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்தவர். ஒன்றரை மணிக்குக் கிளம்பும்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பாடம் நடத்தினேன். "ஏரி நடுவுல நங்கூரம் போட்டுச் சாப்பிடுவாங்க. சாப்பிட்டு எல்லாரும் படுத்ததும் இந்தச் சிவப்புச் சுவிட்ச அணைச்சிரணும். இல்லன்னா பாட்டரி இறங்கிடும், சாயங்காலம் இஞ்சின் கிளம்பாது. மறக்கக் கூடாது." "மறக்கமாட்டனுங்க சார்." மறந்துவிடு மாகாளி. நல்ல படகுகளில் அந்தப் பம்புக்குத் தனி ஒயர் இருக்கும், சிவப்புச் சுவிட்சை அணைத்தாலும் அது ஓடும். இந்தப் படகில் பழைய உரிமையாளர் எல்லாவற்றையும் ஒரே சுவிட்சுக்குக் கீழே கொண்டுவந்திருந்தார். கொச்சியில் பார்த்தபோதே குறித்துக்கொண்டேன், மாற்ற வேண்டும் என்று. மாகாளி மறக்கமாட்டார். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும், பெரிய படகை விற்றவன் சொல்கிறான், இவன் வாயிலிருந்து வருவதெல்லாம் சரி. ஒன்றே முக்காலுக்குச் சாப்பாடு, இரண்டு இருபதுக்குப் பாயசம், வெற்றிலை, இரண்டரைக்குக் கண் சொக்கும். அக்காவுக்குக் கீழ் அறையில் மெத்தை விரித்திருந்தார்கள். செங்கோடனும் அவர் ஆட்கள் இரண்டு பேரும் மாகாளியும், கிளம்பும் முன் துறையிலேயே நான்கு பேராக அக்காவை நாற்காலியோடு தூக்கி அந்தக் குறுகல் ஏணிப்படியில் பக்கவாட்டாகச் சாய்த்து இறக்கினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "பாத்துச் சாமி, நான் என்ன பீரோவா?" என்றார். இறக்கிவிட்டு மூன்று பேரும் லாரியோடு போய்விட்டார்கள். இப்போது படகில் சென்னியப்பன், மாகாளி, இரண்டு பெண்கள். யார் தூக்குவார்கள்?

பதினாறா பதினைந்தா, வளைவு எண் எழுதிய கல்லைக் கவனிக்கவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் போனேன். "போன் எங்க எடுக்கும்?" "பதினொண்ணுலதானுங்க எடுக்கும். வீட்டுக்குங்களா?" "இல்ல, படகுக்கு." "எதுக்கு?" "படகுக்கு." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, நாலு நாளு ரோட்ட அடச்சுட்டுக் கெடந்துச்சே, அந்தப் படகுங்களா? உங்க புண்ணியத்துல நாலு நாளு ட்ரிப்பே இல்லீங்க எங்களுக்கு." முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பினார். "எங்கண்ணன் புள்ள வளைகாப்புக்குப் போவ முடியல. அது இப்ப தண்ணிக்குப் போயிருச்சுங்களா?" போயிருச்சுங்க என்றேன். "மெதக்குதா?" கேட்டது விளையாட்டுக்குத்தான், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. கண்டக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உக்காருங்க சார், மொகமே சரியில்ல," என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாட்டிலுக்குள் தண்ணீர் பஸ்ஸோடு சாய்ந்தது, சாய்ந்த பக்கம் உயர்ந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. வேகமாகப் போகச் சொல்ல வேண்டும். இந்த ரோட்டில் வேகமாகப் போனால் முப்பது பேர் பள்ளத்தில் கிடப்பார்கள். அதனால் மெதுவாகப் போக வேண்டும். பதினான்கு. போகச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே உட்காரப் போனேன். என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், நின்றுகொண்டேன். மூன்று மணி. தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர் ஏறுவது முதலில் தெரியாது, அந்த இடம் நிரம்பும் வரை. நிரம்புவதற்கு இருபது நிமிடம். சத்தம் வராது. எல்லாரும் நினைப்பதுபோலப் படகு மூழ்கும்போது சத்தம் வராது, கொஞ்சம் கொஞ்சமாக ஆடுவதை நிறுத்திவிடும். ஆட்டம் நின்றதும் தூக்கம் இன்னும் நன்றாக வரும். அந்த இடத்தில் ஏரி முப்பதடி. ஆழம் அளந்தவனும் நான்தான், கயிற்றில் கல்லைக் கட்டி, ஒவ்வோரடிக்கும் முடிச்சுப் போட்டு. ஒரு தவறும் வராமல் அளந்தேன். அதைச் சென்னியப்பனிடம் பெருமையாகச் சொன்னேன். பதிமூன்று. இதைத் தூக்கி ஜன்னல் வழியே எறிந்துவிடலாம் என்று ஒரு எண்ணம் ஓடியது. எறிந்துவிட்டால் அது மலைச்சரிவில் தானாகவே மரை கழன்று விழுந்தது என்று ஆகிவிடும். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி கை ஜன்னல் பக்கம் போயிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

பதினோராம் வளைவில் பஸ்ஸுக்குள் எல்லாப் போன்களும் ஒரே சமயத்தில் கூவின. ஓட்டுநர் வழக்கம்போல ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தார், அவருக்கும் வீட்டுக்குப் பேச வேண்டும். நான் கீழே குதித்தேன். சென்னியப்பனைக் கூப்பிட்டுப் பயனில்லை. துறையிலேயே எல்லார் போன்களையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட்டார், தண்ணிக்கு வந்தால் தண்ணியைப் பாருங்கள் என்று. மாகாளியிடம் யாரும் வாங்கவில்லை, அவரிடம் போன் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏரியில் சிக்னல் உண்டு, காலையில் அவர் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்திருந்தார், நான் பெயர் போட்டுச் சேமிக்கவில்லை. பெயரில்லாத எண்கள் நான்கு. முதல் எண்ணில் யாரோ கடன் அட்டை வேண்டுமா என்றார்கள். இரண்டாவது எண் மணியடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துவிடு. எடுத்துவிடு.

"சொல்லுங்க சார்," தூக்கம் கலைந்த மெல்லிய குரல். "மாகாளி, சிவப்புச் சுவிட்ச்." "அப்பவே அணைச்சுட்டனுங்க சார்." "எப்ப?" "எல்லாரும் படுத்ததும். அரை மணி இருக்குமுங்க." "போடுங்க. ஓடிப்போய்ப் போடுங்க." காலடி, கதவு, பிறகு தூரத்தில் டர்ர் என்று பம்பு முனகும் சத்தம். பாட்டரி பாதி இறங்கிய சத்தம் எனக்குத் தெரியும். "கீழ போங்க. அக்காகிட்ட." அவர் போனைக் காதில் வைத்தபடியே இறங்கியிருக்க வேண்டும், ஏணிப்படி ஒவ்வொன்றும் கேட்டது, கடைசிப் படியில் தண்ணீர் சளக் என்றது. "அய்யோ சாமி," என்றார் மாகாளி. அதற்கு அப்பால் அக்காவின் குரல், விழித்த குரல், பயமில்லாமல். "வந்தியா மாகாளி? யாரு செருப்புன்னு பாரு, தானா நடந்து வருது."

நான் கத்தினேன். ஆகப் பின்னால் இருக்கும் பலகையைத் தூக்கு, கையை விட்டுத் துழாவு, ஆகத் தாழ்ந்த இடம், ஒரு ஓட்டை இருக்கும், தண்ணீர் கையைத் தள்ளும், அதுதான். பஸ்ஸிலிருந்து எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வளைகாப்புக்காரப் பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். போன் எங்கோ வைக்கப்பட்டது, மெத்தையில் இருக்கும். மூச்சு வாங்கும் சத்தம், பலகை, தண்ணீர், சென்னியப்பன் மேலிருந்து என்னடா என்னடா என்று கேட்பது, ஒரு பெண் அழுவது. பிறகு ஏதோ ஒன்று நின்றது. "துணி நிக்கலீங்க, தள்ளிருது. கட்டைவிரலு சரியா இருக்குதுங்க," என்றது மாகாளியின் குரல், தரைக்குப் பக்கத்திலிருந்து, தூரமாக.

போனை அக்கா எடுத்தார். "தம்பி, நீங்கதானுங்களா?" "ஆமாங்க அக்கா." "மாகாளி குப்புறப் படுத்து விரலக் குடுத்துட்டுக் கெடக்கறான். இது எப்பத்துலிருந்துங்க?" பதில் வந்தது. தயாராக வந்தது, நாக்கின் நுனியில், வழக்கம்போல நல்ல பதில்: இப்பத்தான் அக்கா, ஏதோ அதிர்ச்சியில கழண்டிருக்கும், புதுப் படகுல இதெல்லாம் சகஜம். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், வேறு யாரோ சொல்வதைப்போல. "காலையிலிருந்துங்க," என்றேன். "தண்ணியில இறக்குனதுலிருந்தே. மூடாம விட்டது நானுங்க. மூடி என் பாக்கெட்டுல இருக்குது." அந்தப் பக்கம் பம்பு முனகியது. அது இழுத்து இழுத்து ஓடியது. "கரைக்குப் போயிரலாமுங்களா?" "இஞ்சின் கிளம்பாதுங்க அக்கா. கிளப்பிப் பாத்தா இருக்கற பாட்டரியும் போயிரும், பம்பு நின்னுரும்." "அப்ப?" "மூடி வர்ற வரைக்கும் விரல எடுக்கக் கூடாதுங்க." "நீங்க எங்க இருக்கறீங்க?" "பதினோராம் வளைவுலங்க."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், என் முகத்தைப் பார்த்தார், ஊதாமல் எடுத்தார். "ஏறுங்க சார். அடிவாரத்துல ஜீப்பு கெடைக்கும், மேல கூட்டிட்டுப் போயிரும்." அடிவாரம் போய் ஜீப் பிடித்துத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட முடியவில்லை, எண்கள் ஒட்டமாட்டேன் என்றன. மேலே போகிற ஏதாவது வண்டி வரும். வராமலும் இருக்கும். நான் தலையாட்டினேன், எதற்கு ஆட்டினேன் என்று தெரியாமல். நான் ஏறவில்லை, பஸ் கிளம்பி வளைவில் மறைந்தது. ரோடு காலியாகக் கிடந்தது. நான் மேல்நோக்கி நடந்தேன். பத்தடி போனதும் அக்காவின் குரல் துண்டு துண்டானது, பின்னால் வந்தேன், குரல் ஒட்டியது. இந்த இடத்தில் நின்றால் பேசலாம், நடந்தால் பேச முடியாது. "தம்பி, இருக்கறீங்களா?" "இருக்கறனுங்க. நடந்தா லைன் போயிரும்." தண்ணீரில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. "நீங்க அங்க நின்னு பேசிட்டு இருந்தா இங்க என்னுங்க ஆகப்போகுது?" என்றார் தெய்வானை அக்கா. "நடங்க."

இருபதாவது அடியில் குரல் அறுந்தது. நான் நிற்கவில்லை.